ஜோடி ஜாக்கி வந்த மனிதர்

ஜோடி ஜாக்கியை ஆட மூன்று வழி இருக்கிறது, மூன்றுமே தப்பு என்பது போக்கர் மேசைகளில் வெகு காலமாக உலவும் கிண்டல். யாராவது இதைச் சொன்னால் மேசையே சிரிக்கும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதே ஜோடியோடு பணத்தை விட்டவர் மட்டும் சிப்ஸை அடுக்குவதுபோல் குனிந்துகொள்வார், அடுக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும்.

டெக்ஸஸ் ஹோல்டெம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று பந்தயம். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு திறப்புக்கும் பின்னால் ஒரு சுற்று பந்தயம். கையில் இரண்டு, மேசையில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தை வைத்து யார் பெரியவர் என்று தீர்மானம். ரம்மி ஆடிய கைக்கு இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். பணம் கரைவதற்கும் அதே பத்து நிமிடம் போதும்.

52 சீட்டில் இரண்டு சீட்டை 1,326 விதமாக எடுக்கலாம். அதில் ஜோடி ஜாக்கி ஆறே விதம். அதாவது 221 கைக்கு ஒரு தடவை. கேசினோவில் மணிக்கு 30 கை போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஏழு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியைத் தேய்த்தால்தான் ஒரு முறை தரிசனம். அதுவரை 7-2, 9-4, ராணி-3 என்று குப்பையாக வாங்கிக் கவிழ்த்துக் கவிழ்த்து நொந்துபோன மனிதர், கட்டைவிரலால் சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்குகிறார். இஸ்பேட் ஜாக்கி. பக்கவாட்டில் திரும்பி ஒரே ஒரு கண்ணைக் காட்டுகிறான். அடுத்த சீட்டு, கிளாவர் ஜாக்கி. இவனுக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது. மூன்று கண்ணும் தன்னையே பார்த்து ஏதோ கேட்பதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. என்ன பண்ணப் போகிறீர்கள் சார்?

இனி இவரை ஜாக்கிக்காரர் என்றே அழைக்கலாம். ஊர் எதுவாக இருந்தாலும் இவர் நடந்துகொள்வது ஒரே மாதிரிதான். சீட்டை மூடிவைக்கிறார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். ஏழு மணி நேரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் இப்போது நிமிர்ந்து உட்காருகிறார். எதிரே இருக்கும் கறுப்புக் கண்ணாடி இளைஞருக்கு இதற்கு மேல் தகவல் எதுவும் தேவையில்லை.

சங்கடம் எங்கே என்றால், இது நிஜமாகவே நல்ல கை. ஒரே ஒரு எதிராளி, அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால், ரிவர் வரை போனால் நூற்றுக்கு 77 தடவை ஜாக்கிதான் ஜெயிக்கும். இதைவிடப் பெரிய ஜோடி மூன்றே மூன்றுதான்: ராணி, ராஜா, ஏஸ். ஆனால் ஃப்ளாப்பில் திறக்கும் மூன்று சீட்டில் ராணியோ ராஜாவோ ஏஸோ ஒன்றாவது தலைகாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 57. ஜோடி ராஜா வைத்திருப்பவர் ஏஸ் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும்; அது 23 தடவைதான் வரும். ஜாக்கிக்காரருக்குப் பாதிக்கு மேல் தடவை வயிற்றைக் கலக்குகிறது. போதாக்குறைக்கு, எதிராளிகள் கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டு கூட வருவதும் பெரும்பாலும் அந்த மூன்று பெரிய சீட்டுகளைத்தான். 6-3 வைத்திருப்பவன் எப்போதோ எழுந்து காபி குடிக்கப் போய்விட்டான்.

பலமான கை ஒன்று வந்துவிட்டாலே பத்திரம் என்று நினைக்கக்கூடாது என்பதற்கு அமெரிக்க மேற்கில் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் என்ற தங்கச் சுரங்க ஊரில், நட்டல் அண்ட் மான் மதுக்கடையில், துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். எப்போதும் சுவரில் முதுகு சாய்த்து உட்காருபவர். அன்று அந்த இடத்தில் வேறொருவர். மாறி உட்காரக் கேட்டும் அவர் எழவில்லை. பின்னாலிருந்து வந்த ஜாக் மக்கால் சுட்டுவிட்டார். ஹிக்காக்கின் கையில் இருந்தது இரண்டு ஏஸ், இரண்டு எட்டு என்பது வழிவழியாக வரும் கதை. அந்தக் காலத்து ஐந்து சீட்டு ஆட்டத்தில் இரண்டு ஜோடி என்பது பலமான கை, ஆனால் மூன்று ஒரே எண் வந்தால் விழுந்துவிடும் கை. அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சரி, அந்த மூன்று தப்பான வழிகளுக்கு வருவோம். ஆட்டம் ஒரு பத்துப் பேர் மேசையில் நடக்கிறது. சீட்டைப் பார்க்காமலே இருவர் கட்டியாக வேண்டிய கட்டாயப் பந்தயம் 100, 200. ஜாக்கிக்காரரிடம் 20,000 சிப்ஸ்.

முதல் வழி, வீரம். எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளி ஆல்-இன் என்று அறிவிப்பது. 'எவனும் வரமாட்டான், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது சித்தாந்தம். முதல் பாதி உண்மை. ஒன்பது பேரும் சீட்டைப் போட்டுவிடுவார்கள். நடுவில் கிடந்த 300 அவருக்கு. ஏழு மணி நேரக் காத்திருப்புக்கு 300. இரண்டாம் பாதியில்தான் வில்லங்கம். 20,000-ஐப் பார்த்தும் அசையாமல் கூட வருபவர் யார்? ஜோடி ராணி, ஜோடி ராஜா, ஜோடி ஏஸ். போனால் போகிறது என்று ஏஸ்-ராஜா. ஒன்பது எதிராளிகளில் ஒருவரிடமாவது அந்தப் பெரிய ஜோடி இருப்பது ஏறக்குறைய எட்டுக்கு ஒரு தடவை நடக்கும். அப்போது ஜாக்கி பிழைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஏஸ்-ராஜா என்றால் 57-க்கு 43, கிட்டத்தட்ட பூவா தலையா. சின்னக் கைகளை எல்லாம் விரட்டிவிட்டுப் பெரிய கையை மட்டும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் முறை இது.

இதே ஆல்-இன் சரியாகும் நேரமும் உண்டு. போட்டி ஆட்டத்தில் சிப்ஸ் தேய்ந்து 2,000 தான் மிச்சம், அதாவது கட்டாயப் பந்தயத்தைப்போல் பத்து மடங்கு, என்ற நிலையில் ஜோடி ஜாக்கி வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. தள்ளிவிட வேண்டியதுதான். அந்தத் தொகைக்கு ஜோடி எட்டும் வருவான், ஏஸ்-10-உம் வருவான். அவர்களை எல்லாம் ஜாக்கி முந்துகிறது. கையில் இருப்பது அதே இரண்டு சீட்டு. எதிரே எவ்வளவு குவிந்திருக்கிறது, தன்னிடம் எவ்வளவு மிச்சம் என்பதில்தான் தப்பும் சரியும் இடம் மாறுகின்றன. ஜாக்கிக்காரர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார். 20,000 இருக்கும்போது வீரம், 2,000 இருக்கும்போது நிதானம்.

இரண்டாம் வழி, பதுங்கல். ஒன்றும் தெரியாதவர்போல் 200-ஐ மட்டும் கட்டிவிட்டுக் கூரையைப் பார்ப்பது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். பதுங்குவதற்கும் தகுதி வேண்டும். ஏஸ் ஜோடியே ஒரு எதிராளிக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். ஒன்பது பேரும் ரிவர் வரை கூட வந்தால் அதுவே 31-க்கு இறங்கிவிடும். ஜாக்கி அந்தக் கூட்டத்தில் 19. மலிவாக இருக்கிறதே என்று ஆறேழு பேர் உள்ளே நுழைந்துவிட்டால், அவர்களில் யாரோ ஒருவருக்கு ஃப்ளாப் பொருந்தியே தீரும். அவர் யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. ராஜா-6, 8-7, ஜோடி 4 என்று வந்தவரையெல்லாம் இலவசமாக உட்காரவைத்தது பதுங்கிய புலிதான்.

பதுங்கியே ஜெயித்த கதைகள் இருக்கின்றனவே என்று ஜாக்கிக்காரர் மடக்குவார். இருக்கின்றன. மிகப் பிரபலமானது 1988-இல் லாஸ் வேகஸ் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோவில் நடந்த உலகப் போக்கர் தொடரின் கடைசிக் கை. ஜானி சானிடம் ஜாக்கி-9. எரிக் சைடலிடம் ராணி-7. ஃப்ளாப்பில் ராணி, 10, 8. சைடலுக்கு மேசையின் மிகப் பெரிய ஜோடி. சானுக்கு எட்டிலிருந்து ராணி வரை வரிசையாக ஸ்ட்ரெய்ட். அந்த நிமிடத்தில் அதைத் தாண்டிய கை எதுவுமே கிடையாது. சான் பொறுமையாக இருந்தார். சைடல் தானாகவே எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். சானுக்குத் தொடர்ந்து இரண்டாவது பட்டம். பத்து வருடம் கழித்து 'ரவுண்டர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் மாட் டேமன் வீடியோ டேப்பில் போட்டுப் போட்டுப் பார்ப்பது இந்தக் கையைத்தான். உலகத்துக்கே தெரிந்த தோல்வி சைடலுக்கு. அவர் அதற்கப்புறம் உலகத் தொடர்களில் வெற்றிக்குப் பரிசாகத் தரும் வளையல்களில் பத்தை ஜெயித்துவிட்டார் என்பதைப் படம் பார்த்தவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சான் பதுங்கலாம், ஏனென்றால் மேசையில் ஒரே இனச் சீட்டு இரண்டுகூடக் கிடையாது, எதிராளி ஒருவர்தான், அடுத்து வரும் சீட்டுகளில் தன்னைக் கவிழ்க்கக்கூடியவை சொற்பம். ஆக ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'என் கை எவ்வளவு பெரியது' என்பதல்ல. அடுத்த சீட்டு எதுவாக இருந்தால் எனக்கு வியர்க்கும்? எத்தனை சீட்டுக்கு வியர்க்கும்?

இதை எண்ணியே பார்த்துவிடலாம். ஜாக்கிக்காரர் இந்தத் தடவை யாரோ சொல்லிக் கேட்டு மூன்றாம் வழியில், அதாவது அளவாக ஏற்றும் வழியில், போகிறார். 600-க்கு ஏற்றுகிறார். கறுப்புக் கண்ணாடி இளைஞர் கடைசி இடத்திலிருந்து வருகிறார். கட்டாயப் பந்தயமாக 200 கட்டியிருந்த தொப்பிக்காரரும் மேலே 400 போட்டு வருகிறார். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். நடுவில் 1,900. இதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஃப்ளாப்: ஆட்டின் 9, ஆட்டின் 5, டைமன் 2.

ஜாக்கிக்காரருக்கு மேசையில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய ஜோடி. மனசு குளிர்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47 பாக்கி இருக்கிறது. அதில் ராணி, ராஜா, ஏஸ் சேர்ந்து 12. ஆட்டின் 11. இரண்டு கணக்கிலும் வரும் மூன்றைக் கழித்தால் 20 சீட்டு. 47-இல் 20 சீட்டுக்கு வியர்க்கும். அந்த இருபதில் ஆட்டின் ஜாக்கியும் ஒருவன். அவன் வந்தால் இவருக்கு மூன்று ஜாக்கி. ஆட்டினாக இரண்டு வைத்திருக்கும் எதிராளிக்கு ஐந்தும் ஒரே இனமாகி, அதைவிடப் பெரிய ஃப்ளஷ். சொந்தக்காரனே வந்து வீட்டைக் காட்டிக்கொடுப்பது என்றால் இதுதான்.

இளைஞரின் கையில் இருப்பது ஆட்டின் 10, ஆட்டின் 8. இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஃப்ளஷ். இப்போதைக்கு அவரிடம் ஒன்றுமே கிடையாது. பெரிய பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் நிற்கும் பயணி அவர். ஜாக்கிக்காரர்தான் கண்டக்டர். இறக்கிவிடுவது அவர் வேலையல்ல. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கிழிப்பதுதான் வேலை. கட்டணம் எவ்வளவு என்பதில்தான் எல்லாமே.

பேசாமல் விட்டால் பயணம் இலவசம். 200 போட்டால், நடுவில் உள்ள 2,100-ஐ ஜெயிக்க இளைஞர் 200 கட்டினால் போதும். நூற்றுக்கு 9 தடவை ஜெயித்தாலே கட்டுபடியாகிற டிக்கெட். அடுத்த சீட்டே ஆட்டினாக வரும் வாய்ப்பு 19. சந்தோஷமாகக் கட்டிவிட்டு வருவார். 1,000 போட்டால்? 2,900-ஐப் பிடிக்க 1,000. நூற்றுக்கு 26 தடவை ஜெயித்தால்தான் அசல் திரும்பும். அவருக்கு இருப்பது 19. இப்போது அவர் கூட வந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அன்றைக்கு ஆட்டின் வந்து அவரே ஜெயித்தாலும்கூட. வராமல் போனாலும் நஷ்டமில்லை. மீதி 19,400-ஐ மொத்தமாகத் தள்ளினால் மறுபடியும் முதல் வழிக்கே போய்விடுகிறோம். இளைஞர் போய்விடுவார், மூன்று 9 வைத்திருக்கும் தொப்பிக்காரர் மட்டும் புன்னகையோடு தங்குவார்.

இந்தக் கணக்கைப் புத்தகமாக விளக்கியவர்களில் டேவிட் ஸ்க்லான்ஸ்கி முக்கியமானவர். அவருடைய 'தி தியரி ஆஃப் போக்கர்' சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எதிராளி உன் சீட்டைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பானோ அதற்கு மாறாக அவனைச் செய்யவைத்தால் உனக்கு லாபம். 1,000-க்கு இளைஞர் வருவது அந்த ரகம். இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஆட்டின் வந்த பிறகும் ஜாக்கிக்காரர் முறைப்பாக மேலே மேலே கட்டிக்கொண்டே போனால், அந்தப் பின்பாக்கியையும் சேர்த்து இளைஞர் வசூலித்துவிடுவார். டிக்கெட் விலை சரியாக வைத்த புண்ணியம் அத்தோடு போயிற்று.

இளைஞர் 1,000 கட்டுகிறார். தொப்பிக்காரர் போய்விட்டார். நல்லவேளை, அவரிடம் மூன்று 9 இல்லை. நடுவில் 3,900. டர்னில் கிளாவர் 3 வந்தால் ஒன்றும் மாறவில்லை. அடுத்த ஸ்டேஜ், அடுத்த டிக்கெட், 2,600. இளைஞருக்கு அது 29 தடவை ஜெயித்தால் கட்டும். வாய்ப்போ 20-ஐத் தொடவில்லை. டர்னில் ஆட்டின் ராஜா வந்தால் பயந்ததில் இரண்டும் ஒரே சீட்டில் வந்துவிட்டன. கட்டாமல் தட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் பெரிதாக வந்தால் சீட்டைப் போட்டுவிட வேண்டும். 1,600 போயிற்று, 18,400 இருக்கிறது. கணக்கு இவ்வளவு சுலபம். ஆனால் மூன்றாம் வழியில் வந்த ஜாக்கிக்காரர் செய்வது வேறு. கிளாவர் 3-ஐக் கண்டு 'இவன் எதையோ வைத்திருக்கிறான்' என்று பயந்து தட்டிவிடுவார். ஆட்டின் ராஜாவைக் கண்டு 'என்னை மிரட்டப் பார்க்கிறான்' என்று வீம்பாக 2,600 போடுவார். சரியாக ஆரம்பித்துத் தப்பாக முடிப்பதால்தான் இதையும் மூன்றாவது தப்பாகச் சேர்த்திருக்கிறார்கள்.

போட வேண்டிய இடத்தில் நிற்பது, நிற்க வேண்டிய இடத்தில் போடுவது என்பது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. 2003 உலகத் தொடர். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆடியவர்கள் 839 பேர். கடைசியில் எஞ்சிய இருவரில் ஒருவர் பெய்ரூட்டில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. பற்றவைக்காத சிகரெட் ஒன்று எந்நேரமும் உதட்டில். இன்னொருவர் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர். பெயரே அதுதான், மேடைக்காக வைத்துக்கொண்டதல்ல. இணையத்தில் சிறு கட்டணப் போட்டி ஒன்றில் ஜெயித்து வந்தவர்.

ஒரு கையில் ஃபர்ஹாவிடம் 9-களின் ஜோடி. மேசையில் 9-க்கு மேல் எதுவும் கிடையாது. மனிமேக்கரிடம் ராஜா-7, வர வேண்டியது எதுவும் வராத வெறுங்கை. ரிவருக்குப் பிறகு மனிமேக்கர் அத்தனையையும் தள்ளினார். ஃப்ளஷ் வராமல் போய்விட்டது போலிருக்கிறதே என்று ஃபர்ஹா வாயாலேயே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் யோசித்துச் சீட்டைக் கவிழ்த்தார். அப்புறம் கடைசிக் கை. ஃபர்ஹாவிடம் ஜாக்கி-10, ஃப்ளாப்பில் ஜாக்கி, 5, 4. மறுபடியும் மேசையின் பெரிய ஜோடி. இந்தத் தடவை விடுவதில்லை என்று எல்லாவற்றையும் போட்டார். மனிமேக்கர் காட்டியது 5-4, இரண்டு ஜோடி. ரிவரில் இன்னொரு 5. கணக்காளருக்கு 25 லட்சம் டாலர். ஒரே மனிதர், ஒரே எதிராளி, ஏறக்குறைய ஒரே பலமுள்ள கை. ஜெயித்துக்கொண்டிருந்தபோது விலகினார், தோற்றுக்கொண்டிருந்தபோது உள்ளே போனார். போக்கர் புத்தகங்கள் இரண்டையும் தனித்தனியாக நியாயப்படுத்தும். இரண்டையும் சேர்த்து நியாயப்படுத்த ஃபர்ஹாவாலும் முடியாது.

இரண்டு ஜோடி கிடைத்தாலாவது நிம்மதியா என்றால், டாய்ல் பிரன்சனிடம் தோற்றவர்களைக் கேட்க வேண்டும். 1976 உலகத் தொடரின் இறுதியில் ஜெஸ்ஸி ஆல்ட்டோவுக்கு ஃப்ளாப்பிலேயே ஏஸும் ஜாக்கியுமாக இரண்டு ஜோடி. பிரன்சனிடம் 10-2. டர்னில் ஒரு 2, ரிவரில் ஒரு 10, மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியுமாக ஃபுல் ஹவுஸ். மறுவருடம் இறுதியில் கேரி பெர்லண்டுக்கு 8-உம் 5-உமாக இரண்டு ஜோடி. பிரன்சனிடம் அதே 10-2. டர்னில் மறுபடியும் 2, ரிவரில் மறுபடியும் 10. இன்றும் அமெரிக்க மேசைகளில் 10-2-க்கு அவர் பெயர்தான். அதை நம்பி அந்தக் குப்பையை ஆடிப் பணம் விட்டவர்களின் பட்டியல் ஜாக்கிக்காரர்களின் பட்டியலைவிட நீளம்.

மனிதர்கள் குழம்புகிறார்கள், கம்ப்யூட்டரைக் கேட்டுவிடலாம் என்று தோன்றும். 1928-லேயே கணித மேதை ஜான் ஃபான் நாய்மன் இத்தகைய ஆட்டங்களுக்குக் கோட்பாடு எழுதத் தொடங்கிவிட்டார். 1944-இல் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய பெரிய புத்தகத்தில் போக்கருக்கு என்றே ஒரு பகுதி உண்டு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரக் கேசினோ ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கை ஆடி நால்வரையும் வீழ்த்தியது. அப்படிப்பட்ட நிரலிடம் ஜோடி ஜாக்கிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் வரும் பதில் இந்த ரகம்: இத்தனை சதவீதம் கட்டு, மீதி சதவீதம் தட்டு. ஒரே கையை, ஒரே இடத்தில், எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் எதிராளி மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் மாற்றி மாற்றி ஆட வேண்டும். விஞ்ஞானம் இத்தனை தூரம் வந்து, 'சில நேரம் இப்படி, சில நேரம் அப்படி' என்கிறது. கோயில் வாசலில் கிளி ஜோசியரும் இதைத்தான் சொல்வார், சதவீதம் மட்டும் சொல்ல மாட்டார்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பது தனிக் கணக்கு. 2010 உலகத் தொடரில் 7,319 பேரில் 15 பேர் மிச்சமிருந்தபோது, மாட் அஃப்லெக் என்ற இளைஞருக்கு ஏஸ் ஜோடி. எதிரே கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோனதன் டுஹாமெல். அவர் கையில், வேறென்ன, ஜோடி ஜாக்கி. ஃப்ளாப் 10, 9, 7. அஃப்லெக் கட்டினார், டுஹாமெல் வந்தார். டர்னில் ராணி. அஃப்லெக் இருந்ததையெல்லாம் போட்டார். டுஹாமெல் நெடுநேரம் யோசித்தார். அவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள் நான்கு 8, நான்கு ராஜா, இரண்டு ஜாக்கி. பாக்கியிருந்த 44-இல் பத்து. நூற்றுக்கு 23. வந்தார். ரிவரில் டைமன் 8. வரிசையாக 8, 9, 10, ஜாக்கி, ராணி.

4 கோடிக்கும் மேலான சிப்ஸ் ஒரே சீட்டில் மேசையின் அந்தப் பக்கம் போயிற்று. அஃப்லெக் அழுதுகொண்டே வெளியேறியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. டுஹாமெல் அந்த வருடப் பட்டத்தையும் 89 லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு போனார். அஃப்லெக் ஆடியதில் குறை சொல்ல ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கும். டிக்கெட் விலையெல்லாம் சரிதான். பயணி இறங்க மறுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆட்டத்தைத் திறமை என்பதா அதிர்ஷ்டம் என்பதா? சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள்தான் என்று தீர்ப்பளித்து, தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டப் பட்டியலில் அவை இருப்பது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடவே கூடாது என்று முடித்துவிட்டது. ஜாக்கிக்காரருக்கு இந்த விவாதத்தில் நிலையான கட்சி ஒன்று உண்டு. ஜெயித்த கைகள் எல்லாம் திறமை, தோற்றவை எல்லாம் அதிர்ஷ்டம்.

தோற்றதும் அவருக்கு ஒரு ஆள் வேண்டும். ஃப்ளாப் என்ன வந்தது, தான் எவ்வளவு கட்டினார், அந்தப் படுபாவி என்ன வைத்துக்கொண்டு வந்தான் என்று ஆதியோடந்தமாகச் சொல்லியாக வேண்டும். சீட்டுப் போடும் ஊழியர் தலையாட்டுவார். அது அவர் சம்பளத்தில் சேர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, தன்னுடைய இதைவிடப் பெரிய சோகத்தைச் சொல்ல இடைவெளி தேடிக்கொண்டிருப்பார்.

இந்தச் சோகத்துக்கு அமெரிக்கக் கேசினோக்கள் பலவற்றில் பணமும் தருகிறார்கள். மிகப் பெரிய கை அதைவிடப் பெரிய கையிடம் தோற்றால் ஜாக்பாட். பல இடங்களில் தோற்றவருக்குப் பாதி, ஜெயித்தவருக்குக் கால் பங்கு, மிச்சம் மேசையில் இருந்தவர்களுக்கு. தோற்பதற்காக மனிதர்கள் பிரார்த்தனை செய்யும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். போட்டி ஆட்டத்தில் இது கிடையாது. 2008 உலகத் தொடரில் மொட்டோயுக்கி மபுச்சி நான்கு ஏஸ்களோடு, எல்லாவற்றையும்விடப் பெரிய கையான ராயல் ஃப்ளஷிடம் தோற்று வெறுங்கையோடு எழுந்து போனார். சாதாரண மேசையிலும் தகுதி கடுமை. குறைந்தது ஏஸ் வைத்த ஃபுல் ஹவுஸாவது, பல ஊர்களில் ஒரே எண்ணில் நாலு சீட்டாவது தோற்றிருக்க வேண்டும். ஜோடி ஜாக்கிக்கு அங்கே மனுப் போடக்கூட வழியில்லை. ஆனால் அந்த ஜாக்பாட் நிதிக்கு ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜாக்கிக்காரர் தோற்ற குவியலிலிருந்தும் எடுத்திருப்பார்கள்.